பொது வாயில்: ‘சாக்கெட் 7’ பற்றிய ஓர் ஆய்வு

நம் விடுதி அறையில் மின்விளக்கு ஒன்று பழுதாகிவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? கடைக்குச் சென்று வேறொரு விளக்கு வாங்கி வருகிறோம். அது எந்தத் தொழிற்சாலையில் செய்யப்பட்டது என்று பார்ப்பதில்லை. அதன் இரு காதுகளும் ஹோல்டரின் பள்ளங்களில் அமர்ந்தால் போதும், விளக்கு எரிகிறது. விளக்கைச் செய்தவர் ஹோல்டரைச் செய்தவரை அறியார். ஹோல்டரைச் செய்தவரும் விளக்கைச் செய்தவரை அறியார். இருவரும் ஓர் அளவுக்குக் கட்டுப்பட்டு நடக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த அளவு தனி ஒருவரின் உடைமையாகிவிட்டால், விளக்கை மாற்றும்போதெல்லாம் ஹோல்டரையும் பெயர்த்தெடுக்க வேண்டியிருக்கும்.

கணிப்பொறியின் வரலாற்றிலும் இத்தகைய பொது அளவு ஒன்று சில ஆண்டுகள் வாழ்ந்தது, பிறகு மறைந்தது. அதன் பெயர் ‘சாக்கெட் 7’. அது எவ்வாறு அமைந்திருந்தது, அதனால் விளைந்த நன்மை யாது, அது ஏன் மறைந்தது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். இது பழைய பொருளைப் பற்றிய ஆராய்ச்சிதான். ஆயினும் இதில் அடங்கிய வினா பழையதன்று. ஒருவர் செய்யும் பொருளும் மற்றொருவர் செய்யும் பொருளும் கூடும் இடம் யாருக்கு உரியது என்பதே அவ்வினா.

சாக்கெட்டு என்றால் என்ன?

கணிப்பொறியில் கணக்கிடும் வேலையைச் செய்வது செயலி. அதன் உயிர்ப்பகுதி விரல் நகத்தளவே உள்ள ஒரு சிலிக்கன் சில்லு. அது தனித்து ஒன்றும் செய்ய இயலாது. நினைவகத்தோடும், திரையோடும், விசைப்பலகையோடும் அது தொடர்பு கொண்டாக வேண்டும். அத்தொடர்புகளைத் தாங்கி நிற்பது தாய்ப்பலகை. செயலியைத் தாய்ப்பலகையில் பற்றாசு வைத்து நிலையாக ஒட்டிவிடலாம். ஆனால் பிறகு அதை எளிதில் மாற்ற முடியாது. ஆகவே இரண்டிற்கும் இடையே கழற்றி மாட்டத்தக்க ஓர் இணைப்பு வைக்கப்பட்டது. அதுவே சாக்கெட்டு.

தமிழ் படித்த நமக்கு இதை விளக்குவது எளிது. இரு சொற்கள் புணரும்போது நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலுமே விதிக்கு உட்படுகின்றன. சொற்களின் நடுவில் என்ன எழுத்து உள்ளது என்று விதி கேட்பதில்லை. அதுபோலவே, தாய்ப்பலகையை நிலைமொழி என்றும் செயலியை வருமொழி என்றும் கொண்டால், அவை கூடும் இடத்திற்கான விதிநூலே சாக்கெட்டு. எந்த ஊசியில் எத்தனை வோல்ட்டு வரவேண்டும், எந்த ஊசி எந்தச் செய்தியைச் சுமக்க வேண்டும் என்பதை அது வரையறுக்கிறது. செயலியின் உள்ளே என்ன நடக்கிறது என்று அது கேட்பதில்லை. இந்தக் கேளாமையில்தான் அதன் பெருமை இருக்கிறது.

தோற்றமும் அமைப்பும்

இன்டெல் நிறுவனம் 1993-இல் பெண்டியம் செயலியை வெளியிட்டது. முதலில் வந்தவை 273 ஊசிகளுக்கான ‘சாக்கெட் 4’-இல் அமர்ந்து 5 வோல்ட்டில் இயங்கின. மிகுந்த வெப்பத்தை வெளியிட்டன. 1994-இல் 320 துளைகள் கொண்ட ‘சாக்கெட் 5’ வந்தது; அது 3.3 வோல்ட்டு அளவினது. அதன் அமைப்பையே தழுவி, மேலும் ஒரு துளை சேர்த்து, 321 துளைகளோடு 1995-இல் அமைந்ததுதான் சாக்கெட் 7. சாக்கெட் 5-க்காகச் செய்த செயலிகளை இதிலும் மாட்டலாம். புதியது வந்தபோது பழையது தள்ளப்படவில்லை.

துளைகள் நேர்வரிசையாக அமையாமல், வரிசைக்கு வரிசை அரைப்படி தள்ளி அமைந்திருந்தன. சிறிய இடத்தில் மிகுதியான ஊசிகளை அடக்குவதற்கான வழி அது. பெண்டியம் செயலியில் இருந்தவை 296 ஊசிகள்தாம். எஞ்சிய 25 துளைகள் அதற்குத் தேவையில்லை. பின்னர் வரக்கூடிய மேம்பட்ட செயலிகளை எண்ணி இடம் விட்டு வைத்திருந்தார்கள்.

ஓர் ஊசியைத் துளையில் இறுக்கமாகச் செருக 50 கிராம் எடைக்கு ஈடான விசை வேண்டும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 296 ஊசிகளுக்கு ஏறத்தாழ 15 கிலோகிராம் எடைக்கு ஈடான விசை தேவைப்படும். அவ்வளவு அழுத்தினால் பலகை வளையும், ஊசிகள் முறியும். எனவே சாக்கெட்டின் ஓரத்தில் ஒரு சிறு நெம்புகோல் வைத்தார்கள். அதை உயர்த்தினால் மேல்தகடு சற்றே நகர்ந்து துளைகள் தளரும். செயலியை விசையின்றி இறக்கி வைக்கலாம். நெம்புகோலைத் தாழ்த்தினால் உள்ளிருக்கும் உலோக நாக்குகள் ஊசிகளைக் கவ்விக்கொள்ளும். ஊசிகளின் அமைப்பு ஒரு மூலையில் மட்டும் வேறுபட்டிருந்ததால், செயலியைத் தவறான திசையில் மாட்ட இயலாது.

இத்தனை ஊசிகள் எதற்கு என்று கேட்கலாம். தரவுகளைச் சுமக்க மட்டும் 64 ஊசிகள் இருந்தன. ஆனால் செய்தி சுமக்காமல் மின்சாரம் மட்டும் சுமந்தவையே மிகப் பல. 1997-இல் வந்த பெண்டியம் எம்.எம்.எக்ஸ். செயலியில் மின்வழங்கலுக்கு 53 ஊசிகளும், தரைத் தொடர்புக்கு 53 ஊசிகளும் இருந்தன. அதாவது மூன்றில் ஒரு பங்கிற்கும் மேல்! 233 மெகாஹெர்ட்சு வேகமுள்ள அச்செயலி உச்ச அளவாக 17 வாட்டு திறனைச் செலவிடும். அதன் உள்ளகம் 2.8 வோல்ட்டில் இயங்குவது. பெரும்பகுதித் திறன் உள்ளகத்தில்தான் செலவாகிறது என்று கொண்டால், பாயும் மின்னோட்டம் ஏறத்தாழ 6 ஆம்பியர். மெல்லிய ஊசி ஒன்று இதைத் தாங்காது. உள்ளகத்திற்கென விடப்பட்ட 25 ஊசிகளும் பகிர்ந்துகொண்டால், ஒவ்வொன்றிலும் கால் ஆம்பியர் அளவே பாயும். மேலும், மின்னோட்டம் விரைந்து ஏறி இறங்கும்போது ஒவ்வொரு கம்பியும் தன் மின்தூண்டலால் அதை எதிர்க்கும். இணையாகப் பல ஊசிகள் இருந்தால் அவ்வெதிர்ப்பும் குறைகிறது.

இரட்டை மின்னழுத்தம்

சாக்கெட் 7-இன் தலையாய சிறப்பு இதுவே. சாக்கெட் 5-இல் செயலி முழுவதற்கும் ஒரே மின்னழுத்தம். சாக்கெட் 7-லோ இரண்டு மின்னழுத்தங்கள் வழங்க இடம் உண்டு. வெளியே உள்ள நினைவகத்தோடும் துணைச் சில்லுகளோடும் பேசும் பகுதிக்கு 3.3 வோல்ட்டு; கணக்கிடும் உள்ளகத்திற்கு அதனினும் குறைவு.

இப்பிரிவினை ஏன் வேண்டும்? ஒரு சில்லில் டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி இயங்கும்போது செலவாகும் திறன், அவற்றின் மின்தேக்குதிறன், அதிர்வெண், மின்னழுத்தத்தின் வர்க்கம் ஆகிய மூன்றையும் பெருக்கியதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். இதில் ‘வர்க்கம்’ என்பதை நோக்குக. மின்னழுத்தத்தைச் சிறிது குறைத்தாலும் வெப்பம் பெரிதும் குறையும். 3.3 வோல்ட்டை 2.8 ஆக்கினால், பிற அளவுகள் மாறாதிருக்க, திறன் 72 விழுக்காடாகக் குறைகிறது. 2.2 வோல்ட்டு ஆக்கினால் 44 விழுக்காடாகிறது. டிரான்சிஸ்டர்கள் சிறுத்துக்கொண்டே போகும்போது அவற்றால் உயர் மின்னழுத்தத்தைத் தாங்கவும் இயலாது. ஆனால் உள்ளகத்தின் மின்னழுத்தம் மாறும்போதெல்லாம் வெளியே உள்ள சில்லுகளையும் மாற்றச் சொல்வது நடக்கிற காரியமா? உள்ளே வளர்ச்சி, வெளியே நிலைபேறு. இரண்டும் ஒருங்கே வேண்டும். அதற்கு வழி செய்ததுதான் இரட்டை மின்னழுத்தம்.

ஆயினும் இடரும் இருந்தது. 2.8 வோல்ட்டுச் செயலிக்கு ஒற்றை 3.3 வோல்ட்டு கொடுத்தால் அது தன் அளவுக்கு மேல் சூடாகும். ஆகவே, தனக்கு இரட்டை மின்னழுத்தம் தேவை என்று பலகைக்கு அறிவிப்பதற்கே பெண்டியம் எம்.எம்.எக்ஸ்.-இல் ஓர் ஊசி ஒதுக்கப்பட்டது. உரிய அளவைத் தேர்ந்தெடுக்கப் பலகையில் ஜம்பர் என்னும் சிறு இணைப்பிகள் இருந்தன. எந்தச் செயலிக்கு எந்த ஜம்பரை எங்கே வைப்பது என்ற அட்டவணை பல பலகைகளின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

துடிப்பும் பெருக்கமும்

பலகை ஒரு வேகத்தில் துடிக்கும். செயலி அதைப் பெருக்கித் தன் வேகமாகக் கொள்ளும். சாக்கெட் 7 பலகைகளின் துடிப்பு பெரும்பாலும் 50, 60, 66 மெகாஹெர்ட்சு. 66-ஐ இரண்டரையால் பெருக்கினால் 166; மூன்றால் பெருக்கினால் 200. இப்பெருக்கத்தைச் செயலிக்குச் சொல்ல இரண்டு ஊசிகள் இருந்தன. இரண்டு ஊசிகளால் நான்கு நிலைகளையே காட்ட முடியும்: ஒன்றரை, இரண்டு, இரண்டரை, மூன்று.

233 மெகாஹெர்ட்சு பெண்டியம் வந்தபோது மூன்றரை மடங்கு தேவைப்பட்டது. ஐந்தாவது நிலைக்கு ஊசி ஏது? பொறியாளர்கள் ஓர் உபாயம் கண்டனர். இவ்வளவு விரைவான செயலியை யாரும் ஒன்றரை மடங்கில் ஓட்டப்போவதில்லை. ஆகவே ‘ஒன்றரை’ என்ற குறிப்பு வந்தால் அதை ‘மூன்றரை’ என்று கொள்ளுமாறு செயலியை அமைத்தனர். மூன்றரை மடங்கு என்பதையே அறியாத பழைய பலகையிலும் பெருக்கம் சரியாக அமைந்தது. பின்னர் ஏ.எம்.டி. நிறுவனமும் தன் கே6-2 செயலிகளின் பிந்திய வகைகளில் ‘இரண்டு’ என்பதை ‘ஆறு’ என்று கொள்ளச் செய்தது; 66 மெகாஹெர்ட்சுப் பலகையில் 400 மெகாஹெர்ட்சுச் செயலி ஓடியது. புணர்ச்சி விதி மாறவில்லை, வருமொழிதான் புதிது. பொது அளவு ஒன்று நீண்ட நாள் வாழ வேண்டுமானால் இத்தகைய பொறுமை வேண்டும்.

ஒரே வாயிலில் பலர்

இவ்வளவும் இன்டெல் தனக்காகச் செய்துகொண்ட அமைப்பு என்பதை மறத்தலாகாது. ஆனால் வாயில் திறந்திருந்தது, பிறரும் நுழைந்தனர். 1996-இல் ஏ.எம்.டி.யின் கே5 வந்தது. சைரிக்சு நிறுவனத்தின் 6எக்ஸ்86 வந்தது. 1997-இல் ஐ.டி.டி. நிறுவனத்தின் வின்சிப், அடுத்த ஆண்டு ரைசு நிறுவனத்தின் எம்.பி.6 என்பவையும் வந்தன. எல்லாம் அதே துளைகளில் அமர்ந்தன.

இவற்றுள் கே6-இன் வரலாறு நாம் குறிப்பாக அறிய வேண்டுவது. புனேயில் பிறந்து தில்லி பொறியியற் கல்லூரியில் பயின்ற வினோத் தாம், இன்டெல்லில் பெண்டியம் திட்டத்திற்குத் தலைமை தாங்கியவர். அவர் 1995-இல் இன்டெல்லை விட்டு நெக்ஸ்ஜென் என்னும் சிறு நிறுவனத்தில் சேர்ந்தார். நெக்ஸ்ஜென்னின் முதற் செயலி திறமையானதே. எனினும் அது பெண்டியத்தின் சாக்கெட்டில் பொருந்தாது. தனிப்பட்ட தாய்ப்பலகை வேண்டும். அதனால் சந்தையில் அது தழைக்கவில்லை. 1996-இல் நெக்ஸ்ஜென் ஏ.எம்.டி.யோடு இணைந்தது. நெக்ஸ்ஜென் வகுத்திருந்த அடுத்த செயலியைச் சாக்கெட் 7-க்குப் பொருந்துமாறு திருத்தி, 1997 ஏப்ரலில் கே6 என்று வெளியிட்டார்கள். அது வெற்றி பெற்றது. திறமை மட்டும் இருந்து வாயில் இல்லாதபோது நேர்ந்ததையும், அதே திறமை பொது வாயிலை அடைந்தபோது நேர்ந்ததையும் ஒருங்கே காட்டும் சான்று இது.

பொருந்துவதாலேயே எல்லாம் ஒன்றாகிவிடா என்பதையும் சொல்ல வேண்டும். சைரிக்சின் ‘200+’ என்னும் செயலி உண்மையில் ஓடியது 150 மெகாஹெர்ட்சில்தான். 200 மெகாஹெர்ட்சு பெண்டியத்திற்கு நிகர் என்று காட்டவே அவ்வெண் இடப்பட்டது. முழுஎண் கணக்குகளில் அது விரைவானது; பதின்மப் புள்ளி பெயரும் எண்களின் கணக்கில் பெண்டியத்திற்குப் பிற்பட்டது. 1996-இல் வந்த ‘குவேக்’ என்னும் விளையாட்டு அக்கணக்குகளையே மிகுதியாக நம்பியிருந்ததால், அக்குறை எல்லார்க்கும் வெளிப்பட்டது. ஆனால் குறை கண்டவர் என்ன செய்யலாம்? செயலியைக் கழற்றிவிட்டு மற்றொன்றை மாட்டலாம். ஒரே களத்தில் நின்றதால்தான் அவற்றை நேருக்கு நேர் ஒப்பிடவும் முடிந்தது. அமெரிக்காவில் ஆயிரம் டாலருக்குக் குறைந்த விலையில் கணிப்பொறிகள் பரவியதும் இக்காலத்தில்தான். அதில் இன்டெல் அல்லாத செயலிகளுக்கும் பங்குண்டு. 1998-இல் இன்டெல் ‘செலரான்’ என்ற மலிவான வரிசையைத் தொடங்க நேர்ந்தது.

இதன் பயனை நானும் அறிவேன். தில்லியில் நான் பயிலும் துறையின் ஆய்வுக்கூடத்தில் எக்சு-கதிர்ச் சிதறலை அளக்கும் பழைய கருவி ஒன்று உண்டு. அதை ஆட்டுவிக்கும் அட்டை, இன்றைய கணிப்பொறிகளில் இல்லாத ஐ.எஸ்.ஏ. செருகலில் மட்டுமே அமரும். ஆகவே 1997-ஆம் ஆண்டுப் பலகை ஒன்றுதான் அதற்குத் துணை. சென்ற ஆண்டு விசிறி நின்று அதன் பெண்டியம் செயலி கெட்டது. புதிய கருவிக்குப் பணமில்லை. அளவீடுகளை நம்பி ஆய்வேடு எழுதவேண்டிய மாணவர் நால்வர் இருந்தோம். நேரு பிளேசில் பழைய பொருள் விற்கும் கடையில் 200 மெகாஹெர்ட்சு கே6 ஒன்று கிடைத்தது. பலகையின் அட்டவணையைப் பார்த்து, 2.8 வோல்ட்டில் இருந்த ஜம்பரை 2.9-க்கு மாற்றி, நெம்புகோலைத் தாழ்த்தினோம். கருவி மீண்டும் இயங்கியது. ஒரு நிறுவனத்தின் செயலி அழிந்த இடத்தில் அதன் போட்டியாளரின் செயலி அமர்ந்து எங்கள் படிப்பைக் காத்தது. இன்றைய மேசைக் கணிப்பொறி ஒன்றில் இப்படிச் செய்ய இயலாது.

வாயில் அடைபட்டது

1997 மே மாதத்தில் இன்டெல் பெண்டியம் 2-ஐ வெளியிட்டது. அது சாக்கெட்டில் அமரவில்லை. 242 தொடுமுனைகள் கொண்ட ‘சுலாட் 1’ என்னும் நீண்ட பிளவில், ஒரு பெட்டி போலச் செங்குத்தாக நின்றது.

இம்மாற்றத்திற்கு நேர்மையான தொழில்நுட்பக் காரணம் ஒன்று உண்டு. சாக்கெட் 7 கணிப்பொறியில் இரண்டாம்நிலைக் கேஷ் நினைவகம் தாய்ப்பலகையில் இருந்தது. செயலி எவ்வளவு விரைந்தாலும் அந்நினைவகம் 66 மெகாஹெர்ட்சுத் துடிப்புக்கே கட்டுப்பட்டது. அதைச் செயலியோடு ஒரே பெட்டியில் வைத்ததால், 300 மெகாஹெர்ட்சுச் செயலிக்கு அது 150 மெகாஹெர்ட்சில் பணி செய்தது. இது பெரிய முன்னேற்றமே.

ஆனால் புதிய பிளவின் மின்னியல் விதிகள் காப்புரிமைக்கு உட்பட்டவை. பிறர் உரிமம் பெறாமல் அங்கு நுழைய முடியாது. தொழில்நுட்பக் காரணமும் வாணிகக் காரணமும் ஒரே கதவின் இரு பலகைகளாக அடைபட்டன.

வெளியே நின்றவர்கள் பழைய வாயிலையே அகலமாக்கினார்கள். ஏ.எம்.டி.யும், தைவானின் வியா, ஏ.எல்.ஐ. முதலிய துணைச்சில்லு நிறுவனங்களும் 1998-இல் ‘சூப்பர் 7’ என்னும் விரிவைக் கொணர்ந்தன. துடிப்பு 66-லிருந்து 100 மெகாஹெர்ட்சாக உயர்ந்தது. 64 தரவு ஊசிகளும் ஒரு துடிப்புக்கு 8 பைட்டுகள் கடத்துமாதலால், நொடிக்குக் கடத்தத்தக்க உச்ச அளவு ஏறத்தாழ 530 மெகாபைட்டிலிருந்து 800-ஆக ஏறியது. வரைகலைக்கான ஏ.ஜி.பி. செருகலும் சேர்ந்தது. 1999 பிப்ரவரியில் வந்த கே6-3, 256 கிலோபைட்டுக் கேஷ் நினைவகத்தைச் சில்லினுள்ளேயே கொண்டிருந்தது; பலகையிலிருந்த பழைய கேஷ் மூன்றாம் நிலையாயிற்று. 75 மெகாஹெர்ட்சில் தொடங்கிய குடும்பம் 2000-இல் 550 மெகாஹெர்ட்சை எட்டியது. உருவம் அதுவே, துளைகள் அவையே.

எனினும் ஏ.எம்.டி.யும் அதில் நிலைக்கவில்லை. 1999-இல் அதன் ஆத்லான் செயலி ‘சுலாட் ஏ’ என்னும் பிளவில் வந்தது. அது இன்டெல்லின் சுலாட் 1-இல் உள்ள அதே இணைப்புப் பொருள்தான். திசை மட்டும் திருப்பி வைக்கப்பட்டது. பேசிய மொழியோ டிஜிட்டல் நிறுவனத்தின் ஆல்பா செயலிக்குரிய வேறு மொழி. பிரிந்த பங்காளிகள் ஒரே சுவரில் எதிரெதிர்த் திசையில் வாசல் வைத்தது போன்ற காட்சி அது.

இங்கு ஒன்றைக் கருதிப் பார்க்க வேண்டும். 1999, 2000 ஆகிய ஆண்டுகளுக்குள் கேஷ் நினைவகம் சில்லினுள்ளேயே வந்துவிட்டது. பிளவுக்குச் சொன்ன தொழில்நுட்பக் காரணம் தீர்ந்தது. இரு நிறுவனங்களும் பிளவைக் கைவிட்டு மீண்டும் சாக்கெட்டுக்கே திரும்பின. ஆனால் ஆளுக்கொரு சாக்கெட்டு! காரணம் போயிற்று, பிரிவு நின்றது. இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் பகிர்ந்துகொண்ட கடைசிச் சாக்கெட்டு ஏழாவதே.

நாம் கொள்ளத்தக்கது

பொது அளவு எக்காலமும் மாறாது நிற்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. 66 மெகாஹெர்ட்சுத் துடிப்பிலேயே உலகம் நின்றிருந்தால் இன்றைய கணிப்பொறி இல்லை. ஆனால் மாறுவது வேறு, பூட்டுவது வேறு. இரட்டை மின்னழுத்தம் ஒரு மாற்றம், ‘ஒன்றரை’யை ‘மூன்றரை’யாகக் கொண்டது ஒரு மாற்றம், சூப்பர் 7 ஒரு மாற்றம். அவை யாரையும் வெளியே தள்ளவில்லை. எந்தப் புதுமையைக் கண்டாலும், அது மாற்றமா, பூட்டா என்று பிரித்தறியும் பழக்கம் அறிவியல் மாணவர்க்கு வேண்டும்.

இவ்வரலாறு முடிந்துவிடவும் இல்லை. சில்லுகள் மிகப் பெரியனவாகி, ஒரே துண்டாகச் செய்வது கடினமானபோது, சிறு சிறு சில்லுகளைச் செய்து ஒரே உறையினுள் கோக்கும் முறை வந்தது. அவை ஒன்றோடொன்று பேசுவதற்குப் பொது விதி வேண்டும் என்று 2022-இல் ‘யூ.சி.ஐ.இ.’ என்னும் அமைப்புத் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியோருள் இன்டெல்லும் உண்டு; ஏ.எம்.டி.யும் உண்டு. பலகையின் மேல் அடைபட்ட வாயில் சில்லின் உறைக்குள் மீண்டும் திறக்கப்படுகிறது. நம்மில் சிலர் நாளை அத்தகைய விதிகளை வகுக்கும் குழுக்களில் அமரக்கூடும். அப்போது 321 துளைகள் கொண்ட அந்தப் பழைய சாக்கெட்டை நினைவில் கொள்ளுங்கள். நமக்குப் பின்னே வருபவர் யார் என்று நாம் அறியோம். அவருக்கும் பொருந்துமாறு இடம் விட்டு அமைப்பதே நல்ல பொறியியல்.